மஜ்ஜையை அழைத்த ஊசி: மாரடைப்பு, ஸ்டெம் செல், ரத்தக் கொழுப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2006 மார்ச்சில் ஜாமா மருத்துவ இதழில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியானது. பெயர் ரிவைவல்-2. நடத்தியது ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள இதய மையம். மாரடைப்போடு வந்து, அடைத்த குழாய் ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் திறக்கப்பட்ட 114 பேரை எடுத்துக்கொண்டார்கள். குழாய் திறந்து ஐந்து நாள் ஆனதும் பாதிப் பேருக்கு, மஜ்ஜையைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஜி-சி.எஸ்.எஃப் ஊசி போட்டார்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். தினம் ஒன்றாக ஐந்து நாள். மீதிப் பேருக்கும் அதேபோல ஊசி உண்டு, ஆனால் அதில் மருந்து கிடையாது.

ஜி-சி.எஸ்.எஃப் அப்போதே பழகிய மருந்துதான். ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் 1991 முதல் புற்றுநோய் வார்டுகளில் புழங்கிவந்தது. கீமோதெரபியால் வெள்ளையணுக்கள் சரிந்தவர்களுக்குப் போடுவார்கள். ஸ்டெம் செல் தானம் செய்பவருக்கும் இதைத்தான் நாலைந்து நாள் போடுவார்கள். எலும்பு மஜ்ஜைக்குள் தங்கியிருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது ரத்த செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள், ரத்தத்துக்கு இறங்கி வந்துவிடும். எலும்பில் ஊசி ஏற்றாமல், கையில் ரத்தம் எடுத்தே அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம். மியூனிக் மருத்துவர்களின் கேள்வி எளிமையானது. அப்படி இறங்கி வரும் செல்களை நாம் எடுக்காமல் விட்டுவிட்டால், அவை அடிபட்ட இதயத்துக்குப் போய் அதைச் செப்பனிடுமா?

செல்கள் இறங்கி வந்தன. சி.டி.34 என்ற அடையாளம் கொண்ட செல்கள் ரத்தத்தில் நன்றாகவே கூடின. நாலு முதல் ஆறு மாதம் கழித்து இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். செத்துப்போன தசையின் அளவு, மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 6.2 சதவீதமும் பெறாதவர்களுக்கு 4.9 சதவீதமும் குறைந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதத்தை எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பார்கள். மருந்து பெற்றவர்களுக்கு அது 0.5 சதவீதப் புள்ளி கூடியது, பெறாதவர்களுக்கு 2.0 கூடியது.

மருந்துகள் தோற்பது மருத்துவ ஆராய்ச்சியில் அன்றாடம் நடப்பது. இந்த ஒன்றை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதக் காரணம், இங்கே மருந்து தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது என்பதுதான். அழைத்தது, வந்தன. இதயத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் என்று தேடிப் போனால், நாலு வருடம் கழித்தும் ஆறு வருடம் கழித்தும் வேறு வேறு ஆய்வகங்களில் விடை துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அதில் பெரிய துண்டு, ஸ்டெம் செல்லைத் தேடிப் போகாமல் கொலஸ்ட்ராலைத் தேடிப் போனவர்களிடமிருந்து வந்தது.

நம்பிக்கை எப்படி வளர்ந்தது

1997-இல் பாஸ்டனில் தக்காயூகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் சேர்ந்து சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரியவர்களின் ரத்தத்திலேயே ரத்தக்குழாயின் உள்சுவராக மாறக்கூடிய செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். குழாய்ச் சுவர் கருவிலேயே உருவாகி முடிகிறது, அப்புறம் பக்கத்திலுள்ள செல்கள் பெருகி ஒட்டுப்போடுவதோடு சரி என்றுதான் அதுவரை பாடம். 2001-இல் ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் மாரடைப்பு வந்த 16 பேரின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்தபோது, சி.டி.34 செல்கள் ஏழாம் நாள்வாக்கில் உச்சத்துக்குப் போயின. உடம்பே தன் செல்களை இதயத்தை நோக்கி அனுப்புகிறது என்று எல்லோரும் படித்துக்கொண்டார்கள். செல்கள் ரத்தத்தில் கூடின என்பது மட்டும்தான் கண்ட உண்மை. எதற்காகக் கூடின என்பது அன்றைக்கு ஊகம். இந்த இடைவெளியை அப்போதே யாராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 2001-இல் டொனால்ட் ஆர்லிக்கும் பியேரோ அன்வெர்சாவும் எலிகளில் செய்த வேலை நேச்சர் இதழில் வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மஜ்ஜை செல்களை அடிபட்ட இதயத்தில் செலுத்தினால், ஒன்பது நாளில் சேதமான பகுதியின் 68 சதவீதத்தைப் புதுத் தசை நிரப்பிவிட்டது என்றார்கள். சில மாதங்களில் இன்னொரு கட்டுரை. இந்த முறை செல்களை ஊசியால் செலுத்தவே இல்லை. ஜி-சி.எஸ்.எஃப்போடு இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்துக் கொடுத்து, எலியின் சொந்த மஜ்ஜையையே இறக்கிவிட்டார்கள். மருந்து ஏற்கனவே கடையில் இருக்கிறது, பாதுகாப்பு தெரிந்தது, ஊசி போட்டால் போதும். மாரடைப்பு வார்டில் நிற்கும் ஒரு மருத்துவருக்கு இதைவிட ஆசை காட்டும் செய்தி இருக்க முடியாது.

2004-இல் சியாட்டிலிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைத் திரும்பச் செய்து பார்த்தன. மஜ்ஜை செல்கள் இதயத் தசையாக மாறவில்லை. ரத்த செல்களாகவே முதிர்ந்தன. இரண்டு முடிவும் நேச்சர் இதழின் ஒரே இதழில் வந்தன. பின்னாளில், 2018 அக்டோபரில், அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் இதழ்களுக்கு எழுதின. அடித்தளம் ஆட்டம் கண்ட அதே நேரத்தில் மனிதர்களிடம் பரிசோதனைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான் இதில் மனதை உறுத்துவது. மாரடைப்பிலிருந்து மீண்டு படுக்கையில் இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டு அதில் சேர்ந்திருந்தார்கள்.

மற்ற ஊர்களில் நடந்தது

மியூனிக் தனித்த நிகழ்வாக இருந்திருந்தால் ஏதோ ஒரு குறை என்று ஒதுக்கியிருக்கலாம். ஜெர்மனியின் ராஸ்டாக்கில் 50 பேரிடம் செய்த பரிசோதனையில் நல்ல பலன் தெரிந்தது. மருந்து பெற்றவர்களின் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 48-லிருந்து 54-க்கு ஏறியது. ஆனால் அங்கே ஒப்பீட்டுக் குழுவுக்கு மருந்தில்லா ஊசி போடவில்லை, யாருக்கு மருந்து என்பது வெளிப்படை. கோபன்ஹேகனில் 78 பேரிடம் மருந்தில்லா ஊசியோடு முறையாகச் செய்தார்கள். ஆறு நாள் மருந்து. இதயத் தசை சுருங்கும்போது தடிக்கும் அளவு இரு குழுவிலும் ஒரே மாதிரி 17 சதவீதம் முன்னேறியது. எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் ஒரு பக்கம் 8.5, மறுபக்கம் 8.0. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இதயம் தன் போக்கில் தேறியது. 2013-இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 7 பரிசோதனைகளை, 354 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் தெரியவில்லை.

சியோலில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2004-இல் லான்செட்டில் வந்தது, 27 நோயாளிகள். அங்கே ஜி-சி.எஸ்.எஃப்பை முதலில் கொடுத்து, பிறகு குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைத்தார்கள். ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே குழாய் மறுபடி குறுகுவது எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மியூனிக்கில் ஸ்டென்ட்டுக்குப் பின்னால்தான் மருந்து கொடுத்தார்கள். அங்கே மறுபடி குறுகியது மருந்துக் குழுவில் 35.2, மற்றதில் 30.9 சதவீதம். அதனால் பலர் சியோல் முடிவைத் தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அப்படி விட மனமில்லை. பல வருடம் கழித்து அமெரிக்காவில், ஆஞ்சைனா எனும் நெஞ்சு வலி எந்த மருந்துக்கும் அடங்காத 167 பேரிடம் நடந்த ஒரு பரிசோதனையில், செல்களைத் திரட்ட ஜி-சி.எஸ்.எஃப் கொடுத்துச் சேகரித்த கட்டத்திலேயே 4.6 சதவீதம் பேருக்கு மாரடைப்பைக் காட்டும் அளவுக்கு இதய என்சைம்கள் ஏறின. அழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை இந்த இரண்டு நிகழ்வும் முன்கூட்டியே சொல்லிவிட்டன.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

ரத்தக் கொழுப்பு இந்தக் கதைக்குள் வந்தது நல்ல பக்கமாகத்தான். 2003-இல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில், இதய நோய் இல்லாத 45 ஆண்களின் ரத்தத்தை எடுத்து, குழாய்ச் சுவராக மாறக்கூடியவை என்று அப்போது நம்பிய செல் கூட்டங்கள் அதிலிருந்து எத்தனை வளர்கின்றன என்று எண்ணினார்கள். வயது, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் சேர்த்து இதய ஆபத்தைக் கணக்கிடும் ஃபிராமிங்ஹாம் மதிப்பெண் கூடக் கூட, கூட்டங்கள் குறைந்தன. அதற்கு முன்பே, 2001-இல், ஃபிராங்க்ஃபர்ட்டில் இதய நோயாளிகள் 15 பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் நாலு வாரம் கொடுத்திருந்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அந்த மாத்திரையால் இதே வகைச் செல்கள் முதல் வாரத்திலேயே ஒன்றரை மடங்கானது, நாலு வாரத்தில் மூன்று மடங்கை எட்டியது. 2005-இல் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் 519 இதய நோயாளிகளை ஒரு வருடம் தொடர்ந்தபோது, இந்தச் செல்கள் அதிகமுள்ளவர்கள் இதயக் கோளாறால் சாவது குறைவாக இருந்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு சமன்பாடு தானாக எழுந்து நிற்கும். கொலஸ்ட்ரால் அதிகம் என்றால் செல் குறைவு, செல் குறைவு என்றால் நோய். அப்போது செல்லைக் கூட்டினால் நோய் குறையும்! ஜி-சி.எஸ்.எஃப் பரிசோதனைகளுக்குப் பின்னால் இருந்த தர்க்கம் இதுதான். முதல் இரண்டு அடிகளும் அளந்து பார்த்தவை, மூன்றாவது அடி தாவல்.

முதல் இரண்டு அடிகளிலும் ஒரு ஓட்டை இருந்தது. எண்ணியது எந்தச் செல்லை? 2007-இல் இண்டியானாவில் மெர்வின் யோடரின் குழு அந்தச் செல் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. பெதெஸ்டாவில் எண்ணிய வகைக் கூட்டங்கள் ரத்த ஸ்டெம் செல்லின் வாரிசுகள். அவை மேக்ரோஃபேஜ் என்ற, கழிவை விழுங்கும் வெள்ளையணு ஆகும், ரத்தக்குழாய் ஆகாது. உண்மையிலேயே குழாய் உண்டாக்கும் செல் வேறு ஒரு வகை, மிக அரிதானது. எனவே அந்த எண்ணிக்கை ஒருவரின் ஆரோக்கியத்தைக் காட்டியிருக்கலாம், குழாயைச் செப்பனிடும் வேலையாட்களை எண்ணியதாக அதைச் சொல்ல முடியாது. ஒரு அடையாளமாக இருப்பது வேறு, ஒரு காரணமாக இருப்பது வேறு. காய்ச்சல் குறைந்தவரின் தெர்மாமீட்டர் இறங்குகிறது என்பதற்காகத் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்தால் காய்ச்சல் போகாது.

கொலஸ்ட்ராலே அழைக்கிறது

இப்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும். ஆலன் டாலின் ஆய்வகம் ஸ்டெம் செல்லைத் தேடிப் போனதில்லை. அவர்களின் கேள்வி எச்.டி.எல் பற்றியது, அதாவது நல்ல கொழுப்பு. செல்களின் மேலுறையில் ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. செல்லுக்குள் மிஞ்சிய கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி எச்.டி.எல் கையில் ஒப்படைப்பது இவற்றின் வேலை. இந்த இரண்டும் இல்லாத எலிகளை வளர்த்தபோது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எலிகளுக்கு வெள்ளையணுக்கள் தறிகெட்டுப் பெருகின. மஜ்ஜையைத் திறந்து பார்த்தால் ஸ்டெம் செல்களே பெருகியிருந்தன.

2010-இல் சயன்ஸ் இதழில் லோரன் ஈவான்-ஷார்வே முதன்மை ஆசிரியராக வந்த கட்டுரை இதை விளக்கியது. கொலஸ்ட்ரால் வெளியேற வழியில்லாமல் செல்லின் மேலுறையில் தங்கும்போது, அங்கே வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகள் கூடுகின்றன. ரத்தத்தில் சமிக்ஞை மாறவில்லை. செல்லுக்கு அது உரக்கக் கேட்கிறது, அதனால் அதிகம் பிரிகிறது. எலிகளின் எச்.டி.எல்லை மரபணு வழியாகக் கூட்டியபோது பெருக்கம் அடங்கியது. ஆக, எச்.டி.எல்லின் வேலை குழாயைச் சுத்தம் செய்வதோடு நிற்பதில்லை. மஜ்ஜையையும் அது நிதானத்தில் வைத்திருக்கிறது.

2012-இல் அதே ஆய்வகத்திலிருந்து மரித் வெஸ்டர்டெர்ப் முதன்மை ஆசிரியராக இரண்டாவது கட்டுரை வந்தது. இந்த முழு விவகாரத்திலும் நான் மிகப் பெரியதாக மதிப்பது இதைத்தான். அதே எலிகளில் ஸ்டெம் செல்கள் பெருகியதோடு நிற்கவில்லை. மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்கு இறங்கி, மண்ணீரலில் குடியேறி, அங்கேயும் ரத்த செல்களை உண்டாக்கின. எது அவற்றை இறக்கியது? கொலஸ்ட்ரால் நிரம்பிய மேக்ரோஃபேஜ்களும் டெண்ட்ரிடிக் என்ற நோய் எதிர்ப்பு செல்களும் இன்டர்லூக்கின்-23 என்ற சமிக்ஞையை விடுகின்றன. அது இன்டர்லூக்கின்-17-ஐக் கூட்டுகிறது. அது ஜி-சி.எஸ்.எஃப்பைக் கூட்டுகிறது.

ஆம், அதே ஜி-சி.எஸ்.எஃப். மியூனிக்கில் இதயத்தைக் காப்பாற்ற ஊசியில் போட்ட அதே சமிக்ஞையை, வெளியேற வழியில்லாத கொலஸ்ட்ரால் உடம்புக்குள்ளேயே சுரக்க வைக்கிறது. மஜ்ஜை செல்களைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதம். ஜி-சி.எஸ்.எஃப் ஏறும்போது மஜ்ஜையில் அது குறைகிறது, செல்கள் விடுபடுகின்றன. 2010-இல் ப்ளட் இதழில் வந்த இன்னொரு எலி ஆய்வும், கொலஸ்ட்ரால் மிகுந்தபோது இதே கொக்கிதான் தளர்கிறது என்று வேறு வழியில் போய்ச் சேர்ந்தது.

இப்படி இறங்கும் செல்களில் குழாயைச் செப்பனிடுபவை எத்தனை? மிகச் சில. பெரும்பாலானவை நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகிய வெள்ளையணுக்களாக மாறப் போகிறவை. மோனோசைட் குழாய்ச் சுவருக்குள் புகுந்து, கெட்டுப்போன எல்.டி.எல்லை, அதாவது கெட்ட கொழுப்பை, விழுங்கி நுரை செல்லாக உப்பி, அடைப்புக்கு உடம்பாகிறது. சியோலில் ஸ்டென்ட் மறுபடி குறுகியதை இந்த வெளிச்சத்தில் படித்தால் எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை. அப்போதுதான் காயப்பட்ட குழாயில், அழற்சி செல்கள் நிரம்பிய ரத்தம் ஓடியது. இது நிரூபணம் ஆகாது, 27 பேர் மட்டுமே. ஆனால் பொருந்துகிறது.

மாரடைப்பும் அழைக்கிறது

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மத்தியாஸ் நாரென்டார்ஃபின் குழு, அதே 2012-இல், குருமே ஆய்வின் மறுபக்கத்தைக் காட்டியது. அடைப்பு நோய் உள்ள எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கினார்கள். சில வாரங்களில், இதயத்துக்குத் தொலைவிலுள்ள குழாய்களில் இருந்த அடைப்புகளும் வேகமாகப் பெருத்தன, அழற்சி கூடி மோசமாயின. காரணத்தைத் தொடர்ந்து போனார்கள். மாரடைப்பின் வலியும் பதற்றமும் ஆபத்து நேரத்தில் உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகின்றன. அந்த நரம்புகள் மஜ்ஜைக்குள்ளும் ஓடுகின்றன. அவை விடுகிற சமிக்ஞையால் ஸ்டெம் செல்கள் இறங்கி மண்ணீரலில் தங்கி, மோனோசைட்டுகளைத் தயாரித்துத் தள்ளுகின்றன. அந்த நரம்புச் சமிக்ஞையைப் பீட்டா-3 ஏற்பியில் தடுத்தபோது இது குறைந்தது.

முதல் மாரடைப்பு வந்தவருக்கு இரண்டாவது வரும் ஆபத்து ஏன் அடுத்த சில மாதங்களில் அதிகம் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஏழாம் நாள் ரத்தத்தில் ஏறி நின்ற சி.டி.34 செல்களை உடம்பு அனுப்பிய மீட்புப் படை என்று படித்தோம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம், ஏனென்றால் செத்த தசையைத் துப்புரவாக்கி வடு ஆற மோனோசைட்டுகள் வேண்டும். அளவு மீறும்போது, ஏற்கனவே கொழுப்பு படிந்த குழாய்களுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். மியூனிக்கில் ஊசி போட்டது ஐந்தாம் நாள். மஜ்ஜை ஏற்கனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பையும் சொல்லிவிட வேண்டும். நம் லேப் ரிப்போர்ட்டில் அது வராது. ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்று பெயர், மிகச் சிறிய அளவில் இருக்கும், பெரும்பகுதி எச்.டி.எல்லின் மேல் ஏறித்தான் பயணம் செய்யும். ஸ்டெம் செல்கள் திசுக்களை விட்டு வெளியேற வழிகாட்டுவதில் இதற்குப் பங்கு உண்டு என்று 2007-இலேயே காட்டினார்கள். கென்டக்கியில் மாரடைப்பு நோயாளிகளின் பிளாஸ்மாவில் இது ஏறியிருப்பதையும் கண்டார்கள். ரத்தக் கொழுப்பு என்றதும் எல்.டி.எல், எச்.டி.எல், டிரைகிளிசரைடு என்று மூன்று எண்ணோடு நிறுத்திவிடுகிறோம். கொழுப்புகள் சமிக்ஞையாகவும் வேலை செய்கின்றன என்பது இந்தத் துறைக்கு வெளியே அதிகம் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு திசை திரும்பியது

இருபது வருடத்துக்கு முன் மஜ்ஜையைத் தட்டி எழுப்பப் பார்த்தவர்கள், இப்போது அதை எப்படி அமைதிப்படுத்துவது என்று யோசிக்கிறார்கள். எலிகளில் மாரடைப்புக்குப் பின் மஜ்ஜையைத் தூண்டும் சமிக்ஞைகளில் ஒன்று இன்டர்லூக்கின்-1-பீட்டா. அதைத் தடுக்கும் கனகினுமாப் ஊசியை, மாரடைப்பு வந்து அழற்சி அடங்காத 10,061 பேரிடம் கான்டோஸ் பரிசோதனையில் கொடுத்தார்கள். 2017-இல் வந்த முடிவின்படி 150 மில்லிகிராம் அளவில் அடுத்த மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. எல்.டி.எல் இறங்கவே இல்லை, ஆனாலும் பலன் இருந்தது. உயிரைக் குடிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடியதால் அது இதயத்துக்கான மருந்தாக வரவில்லை. கவுட் வாதத்துக்குத் தரும் மலிவான கொல்சிசின் மாத்திரை 2019-இல் 4,745 பேரிடம் நம்பிக்கை தந்தது. 2024-இல் 7,062 பேரிடம் செய்த பெரிய பரிசோதனையில் ஒன்றும் காட்டவில்லை. இங்கே இன்னும் தெளிவு வரவில்லை.

எச்.டி.எல் பக்கமும் இப்படித்தான். கொலம்பியாவின் எலிகளைப் பார்த்தால் எச்.டி.எல்லைக் கூட்டினாலே போதும் என்று தோன்றும். எச்.டி.எல்லின் முக்கியப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றும் மருந்தை 18,219 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. 90 நாளில் மருந்துக் குழுவில் 4.8 சதவீதம் பேருக்கும் மற்றதில் 5.2 சதவீதம் பேருக்கும் மறுபடி பாதிப்பு. நம்பும்படியான வித்தியாசம் கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் ரத்தக் கொழுப்பை அளந்தது. 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல் குறைவு. ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியைப் பார்த்துப் பயந்து, நல்ல கொழுப்பைக் கூட்டும் மாத்திரை எங்கே என்று தேடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எண்ணை உயர்த்தும் மருந்தால் இதயம் காக்கப்பட்டதாக இதுவரை காட்ட முடியவில்லை. குறைக்க வேண்டியது எல்.டி.எல், அதற்கு ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் இருக்கின்றன, சான்று மலையாக இருக்கிறது. நடைப்பயிற்சியும் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் எச்.டி.எல்லுக்காக மட்டும் செய்ய வேண்டியவை இல்லை.

ஸ்டெம் செல்லை வெளியே வரவழைக்கும் கேப்சூல், இதயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் பார்த்து விசாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை ஏற்கப்பட்ட சிகிச்சை. இதயம் போன்ற மற்ற நோய்களுக்கு அது ஆராய்ச்சிக் கட்டத்தில் உள்ளது, அனுமதி பெற்ற பரிசோதனையில் மட்டுமே தரலாம். பரிசோதனையில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்குவது முறையாகாது. மஜ்ஜையை இறக்குவது இதயத்துக்கு நல்லதா என்ற கேள்வியையே மியூனிக்கும் கோபன்ஹேகனும் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கின்றன. அந்தப் பதிலுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்த நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதைத் தெரிந்துகொள்ளாமல் கடன் வாங்கி இதற்குப் பணம் கட்டுவது நெஞ்சைப் பிசைகிறது.

பிள்ளைகளின் ரத்தத்தில்

எலிகளில் கண்டது மனிதரிடம் இருக்கிறதா? பரம்பரையாக எல்.டி.எல் மிக உயர்ந்திருக்கும் குடும்பங்களில் ஒரு தடயம் கிடைக்கிறது. இந்த நோயுள்ள பிள்ளைகளில் எச்.டி.எல் குறைவாக உள்ளவர்களுக்கு மோனோசைட் எண்ணிக்கை கூடியிருந்தது என்று 2013-இல் ஆலன் டால் தொடர்புள்ள குழு காட்டியது. குழாய் அடைக்கும் வயதுக்குப் பல வருடம் முன்பே மஜ்ஜையில் அதன் சாயல் தெரிகிறது.

நெதர்லாந்துக் குழு ஒன்று 2019-இல் இதே நோயுள்ள பெரியவர்களின் மோனோசைட்டுகளைச் சோதித்தது. சாதாரணத் தூண்டலுக்கே அவை மிகையாக அழற்சிச் சமிக்ஞைகளை விட்டன. மூன்று மாதம் ஸ்டாட்டின் கொடுத்து எல்.டி.எல்லை இறக்கிய பிறகும் அந்த மிகை குறையவில்லை. மோனோசைட்டின் ஆயுள் சில நாள்தான். மூன்று மாதம் கழித்து வந்த செல்களும் அப்படியே நடந்துகொண்டன என்றால், பழக்கம் அவற்றை உண்டாக்கும் மஜ்ஜையிலேயே பதிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். 2021-இல் செல் இதழில் வந்த ஒரு ஆய்வு இன்னும் ஒரு அடி போனது. அடைப்பு நோயில் ஸ்டெம் செல்கள் வேகமாகப் பிரிவதால், மரபணுப் பிறழ்வு உள்ள செல் கூட்டங்கள் ரத்தத்தில் விரைவாக மேலோங்குகின்றன என்றது. அப்படிப்பட்ட கூட்டங்களைச் சுமப்பவர்களுக்கு இதய நோய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பது 2017-இலேயே தெரிந்திருந்தது.

அதனால் எவ்வளவு சீக்கிரம் எல்.டி.எல்லைக் குறைக்கிறோம் என்பது, எவ்வளவு குறைக்கிறோம் என்பதற்கு இணையாக முக்கியமாகிறது. ஆம்ஸ்டர்டாமில் பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ள 214 பிள்ளைகளை, 8 முதல் 18 வயதுக்குள் ஸ்டாட்டின் பரிசோதனையில் சேர்த்து, 20 வருடம் தொடர்ந்தார்கள். அதே நோயுள்ள அவர்களின் அப்பா அல்லது அம்மா, சிறு வயதில் மாத்திரை கிடைக்காத தலைமுறை. 39 வயதுக்குள் இதய, ரத்தக்குழாய் நிகழ்வு வந்தது அந்தப் பெற்றோரில் 26 சதவீதம் பேருக்கு. பிள்ளைகளில் 1 சதவீதம் பேருக்கு. அதே வயதுக்குள் இதயத்தால் இறந்தவர்கள் பெற்றோரில் 7 சதவீதம், பிள்ளைகளில் ஒருவரும் இல்லை.